கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

என் அண்ணன் வீட்டைவிடச் சத்தமான வீடு இந்த ஊரிலேயே கிடையாது. அண்ணனுக்கும் காது கேட்காது, அண்ணிக்கும் கேட்காது. கேட்க ஆளில்லை என்று தெரிந்துவிட்டால் சாமான்கள் சும்மா இருக்குமா? ஃப்ரிட்ஜ் உறுமும். குளியலறைக் குழாய் ஓயாமல் சொட்டும். கதவு எதையும் சாத்த மாட்டார்கள், அறைவார்கள். அண்ணி பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் தெருமுனையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்த வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்துக் காதையும் வாசலில் விட்டுவிட்டுப் போவது என் பழக்கம்.

என் பிழைப்பும் அப்படிப்பட்டதுதான். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாரன் அலறும், கண்டக்டர்கள் சண்டை போடுவார்கள், குழந்தைகள் கத்தும். அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் வேலை ஓடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் மைக்கில் ஒரே குரல், ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. மைக்கை அணைத்த பிறகுதான் என் சொந்தக் குரல் வரும். அதைக் கேட்டவர்கள் பாவம்.

சைகை மொழியில் எல்லாருக்கும் ஒரு அடையாளப் பெயர் வைப்பார்கள். எனக்கு அண்ணன் வைத்தது, வாய்க்குப் பக்கத்தில் விரல்களைத் திறந்து திறந்து மூடுவது. அதற்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா? அண்ணன் மகளுக்குக் கன்னத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு குத்து. கன்னக்குழி. அவளுக்குக் காது கேட்கும். ஆனால் அம்மா என்று வாயால் சொல்வதற்கு முன்பே கையால் சொன்னவள் அவள். இப்போது சைகை மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். நான் வளர்த்த பெண் என்று சொல்லிக்கொள்வேன். அண்ணி அதற்குச் சண்டைக்கு வருவாள், வரட்டும்.

அன்று சாயங்காலம் அவளுக்கு முதல் நேரலை. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழ்கடலின் அடிக்குக் கேமராவை இறக்குகிறது. அங்கே தெரிவதை அப்படியே இணையத்தில் காட்டுகிறார்கள், அதிலும் மிகத் துல்லியமான படமாக. விஞ்ஞானி பேசப் பேச, திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்று நம் பெண் சைகையில் சொல்ல வேண்டும். இரண்டு பாகம், நடுவில் ஒரு இடைவேளை.

கிளம்புவதற்கு முன் அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வீட்டில் கையால் பேசுவதையெல்லாம் நான் வாயால் பேசியதாகவே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் கேட்கும்.

“அப்பா, அங்க இருக்கிற ஒருத்தருக்கும் சைகை தெரியாது. நான் கையை ஆட்டினா ஆகா ஓகோம்பாங்க. தப்பா ஆட்டினாலும் ஆகா ஓகோதான். ஒத்திகையில என்னமோ இடிச்சுது. என்னன்னு எனக்குப் பிடிபடலை. அந்த வீடியோவை வெளியே அனுப்பவும் விட மாட்டேங்கிறாங்க. நீங்க முதல் பாகத்தைப் பார்த்துட்டு இடைவேளையில ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க. நான் சொல்றது புரியுதா, இல்லையா? காது கேக்காத பிள்ளைங்க என்னை நம்பி உக்காந்திருக்கும்பா.”

அண்ணன் அவள் தலையில் கை வைத்துச் சரி என்றான். அவள் போனதும் என்னைப் பார்த்து, “நீ சீக்கிரம் வந்துடு, கம்ப்யூட்டர் விஷயம் உனக்குத்தான் தெரியும்,” என்றான். எனக்கு என்ன தெரியும்? பேருந்து நிலையத்துக் கம்ப்யூட்டரை இரண்டு தட்டுத் தட்டுவேன், அது வேலை செய்யும். அதைப் பார்த்து ஊரே என்னை நிபுணி ஆக்கிவிட்டது.

நான் போனபோது அண்ணனும் அண்ணியும் முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னறைதான் அண்ணனின் பட்டறையும். சோபா, நாற்காலி, கார் சீட்டு என்று மெத்தை வைத்து உறை தைக்கிறவன் அவன். பஞ்சு மூட்டை, ஸ்பாஞ்சுப் பாளங்கள், துணிச்சுருள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மேசை. அதன்மேல் பெரிய திரை, பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி. கன்னக்குழி தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தான். கருநீலத் துணி, உள்ளே மெல்லிய பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தையல், முதுகில் ஒயர் வெளியே வர அளவெடுத்த ஓட்டை, பக்கவாட்டில் மூன்று பொத்தான். கீழே ஆடாமல் இருக்கக் கெட்டியான ஸ்பாஞ்சு மெத்தை. ராஜாதான் அது. நான் முதல்முறை பார்த்தபோதே, “எனக்கு ஒண்ணு தச்சுக் குடுத்திருப்பியா இப்படி?” என்று கேட்டிருக்கிறேன்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. நீலமாக ஏதோ தெரிந்தது. மூலையில் பெட்டி, பெட்டிக்குள் நம் பெண். அண்ணி கைதட்டினாள். நானும் தட்டினேன். அடுத்த நிமிஷம் படம் கலைந்தது. கன்னக்குழியின் பத்து விரலும் பிசைந்த மாவாகிவிட்டன. அவள் கையை வீசினால் ஒரு பழுப்புக் கறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

“என்ன சொல்றா?” என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

“விஞ்ஞானி சொல்றது எனக்குக் கேக்குது அண்ணி. அவ சொல்றது எனக்கும் தெரியலை.”

அண்ணன் திரையிடம் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு பின்னால் சாய்ந்து தலையை ஆட்டினான். வேறு யார் வீட்டில் படம் இப்படி ஆனாலும் ஒலியைக் கேட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். இங்கே படம் போனால் எல்லாம் போச்சு. என் போனில் போட்டுப் பார்த்தேன். அதில் அந்தப் பெட்டி என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிற மனுஷனுக்கு அது எப்படிப் போதும்?

வீடியோவின் ஓரத்தில் இருக்கும் பற்சக்கரத்தை அழுத்தினேன். தரம் ஆட்டோவில் இருந்தது. இருப்பதிலேயே உயர்ந்த தரத்துக்குக் கையால் மாற்றினேன். படம் பளிச்சென்று வந்தது. வந்து, அப்படியே நின்றது. ஒரு மீன் பாதி வாயைத் திறந்தபடி உறைந்துபோய், திடீரென்று பத்தடி தள்ளித் தோன்றியது. கன்னக்குழியின் கை மேலே இருந்தது, பிறகு கீழே இருந்தது. நடுவில் அவள் சொன்ன வாக்கியத்தைக் காக்காய் கொண்டுபோய்விட்டது.

“நெட்டு சரியில்லை,” என்று தீர்ப்புச் சொன்னேன். எது நடந்தாலும் நெட்டைத் திட்டுவதுதானே வழக்கம்? மோடத்தை அணைத்துப் போட்டேன். அதிலிருந்து நேரே கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அதே கதை. சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்து, “மேடம், உங்க லைன்ல ஒரு குறையும் இல்லை. வேகம் வேணுங்கிறதுக்கு மேலேயே வருது,” என்றான்.

“தம்பி, இங்க மீன் நொண்டுது. நீங்க ஒரு குறையும் இல்லைங்கிறீங்க!”

“மேடம், வீடியோவுக்குக் கீழே கோடு ஓடுது பாருங்க. வெளிர் நிறமா முன்னாடி ஓடுறது, வந்து சேர்ந்த படம். அது முன்னாடி போயிருக்கா?”

பார்த்தேன். போயிருந்தது, நன்றாகவே முன்னால் போயிருந்தது.

“அப்போ படம் உங்க வீட்டுக்கு வந்துடுச்சு மேடம். அதை ஓட்ட முடியாம உங்க கம்ப்யூட்டர்தான் திணறுது. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.”

இதற்கு ஒரு ஆள் வேண்டுமா என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, திறந்து கிடந்த மற்ற பக்கங்களையெல்லாம் மூடி, அணைத்துப் போட்டேன். ஆகா! படம் தெளிந்தது. கடலடி மணல் பொடிப்பொடியாகத் தெரிந்தது. பெட்டிக்குள் அவள் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். “நான் அப்பவே சொன்னேன், உனக்குத்தான் தெரியும்னு,” என்றான். நான் பெருமையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து உடம்பு சாய்வதற்குள் மறுபடியும் மாவு.

மறுபடியும் அணைத்துப் போட்டேன். மறுபடியும் கொஞ்ச நேரம் தெளிவு, பிறகு மாவு. இடைவேளை வந்துவிட்டால் அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாளே! என்ன எழுதி அனுப்புவது? கம்ப்யூட்டர் ஓடலைம்மா, உன் கையைப் பார்க்கலைம்மா என்றா?

“புரியுதுன்னு போட்டுடு,” என்றாள் அண்ணி.

“பொய் சொல்லச் சொல்றியா?” அண்ணன் சட்டென்று திரும்பினான். “நான் சொல்றதை வச்சுத்தான் அவ மாத்திக்கப் போறா. பார்க்காம எப்படிச் சொல்றது?”

மூன்றாவது முறை போட்டேன். இந்தத் தடவை உட்காரவில்லை, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றேன். அப்போதுதான், செருப்போடு வாசலில் விட்டு வந்த காது என்னிடம் திரும்பி வந்தது. படம் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ ஒரு சத்தம் எழும்பியது. மெல்ல ஆரம்பித்து, ஏறி, ஏறி, கடைசியில் கிளம்புகிற பஸ் மாதிரி இரைந்தது. அந்த இரைச்சல் உச்சத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் படம் கலைந்தது. சத்தம் முதலில், மாவு பிறகு. அந்த இரைச்சல் எனக்குப் புதிதே இல்லை. இந்த வீட்டில் ஃப்ரிட்ஜோடும் குழாயோடும் சேர்ந்து மாசக்கணக்காக அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், காதில் போட்டுக்கொள்ளாமல்.

நீலச் சட்டைமேல் கை வைத்தேன். பொத்தானைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். அம்மாடி! இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல இருந்தது.

“அண்ணே! சட்டையைக் கழட்டு!”

அண்ணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அவசரத்தில் என் கை தடுமாறிவிட்டது. கம்ப்யூட்டரைக் காட்டி, “இதுக்கு!” என்றேன்.

சட்டையை உரித்துப் பார்த்தால், பக்கவாட்டில் காற்று போக வேண்டிய வலை முழுக்கத் துணி மூடியிருந்தது. கீழே இருந்த வலையை ஸ்பாஞ்சு மெத்தை அடைத்திருந்தது. முதுகில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்த பஞ்சு, உள்ளே விசிறியைச் சுற்றிச் சின்னத் தலையணையே ஆகியிருந்தது. மூச்சு விட வழியில்லாமல் கம்ப்யூட்டர் கொதித்திருக்கிறது. கொதித்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று எங்கள் நிலையத்துக் கணினிக்காரர் ஒருமுறை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாதாரணப் படத்துக்கு அந்த வேகம் எப்படியோ போதும். இந்தத் துல்லியமான படத்துக்குப் போதாது.

உடனே அணைத்து, பிளக்கையே பிடுங்கினேன். மூடியைக் கழற்றினோம். சோபாவைச் சுத்தம் செய்கிற தூரிகையை அண்ணி கொண்டுவந்தாள். விசிறி சுற்றாதபடி அண்ணன் ஒரு பென்சிலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டான். நான் பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். போட்ட பஞ்சில் ஒரு குழந்தைக்குத் தலையணை செய்யலாம்.

சூடு இறங்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. அண்ணன் கழற்றிய நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் சின்னதாகிவிட்டது.

“பஞ்சு படக்கூடாதுன்னுதான் தச்சேன்,” என்றான். “அவ முதல் சம்பளத்துல வாங்கினதாச்சே.”

“தெரியும்ணே.”

“அது கஷ்டப்படுறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கத்துச்சு. நல்லாவே கத்துச்சு.”

“எப்பலேருந்து?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “அது... மாசக்கணக்கா இருக்கும்.”

“மேசையைத் தொட்டா எனக்கு எந்த ஆட்டமும் தெரியலையே?” என்றவன், கீழே இருந்த ஸ்பாஞ்சைப் பார்த்துத் தானே புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டான். பிறகு என்னிடம் திரும்பினான். “உனக்குத் தெரிஞ்சுதுல்ல? ஏன் சொல்லலை?”

“உங்க வீட்டுல எதுண்ணே கத்தலை? ஃப்ரிட்ஜ் கத்துது. குழாய் சொட்டுது. கதவு இடி இடிக்குது. அண்ணி பாத்திரம் கழுவினா நாலு வீடு தள்ளிக் கேக்குது.”

“நானா?” அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “நான் பூ மாதிரி கழுவுறேன்!”

“பூவா? பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க.”

அண்ணன் சிரிக்கவில்லை. “இனிமே சொல்லு,” என்றான். “எது கத்தினாலும் சொல்லு. ஊருக்கெல்லாம் நாள் முழுக்கச் சொல்றே, எங்களுக்குச் சொல்ல மாட்டியா?”

எனக்குச் சுருக்கென்றது. அவன் மனசு நோகக்கூடாது என்றுதான் நான் இத்தனை நாளும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அது இன்னும் நோகும். “சொல்றேன்ணே,” என்று மட்டும் சொன்னேன்.

பிளக்கைச் சொருகினேன். மெத்தையும் இல்லாமல், சட்டையும் இல்லாமல், வெறும் மேசையில் கம்ப்யூட்டர் அம்மணமாக நின்றது. படம் வந்தது. தெளிந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விசிறி லேசாக முனகியது, அதற்குமேல் ஏறவில்லை. படமும் கலையவில்லை. அண்ணன் மேசையில் உள்ளங்கையை ஊன்றி, மெல்லிய அதிர்வைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தான்.

விஞ்ஞானி ஒரு நண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னக்குழியின் விரல்கள் அழகாக ஓடின. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இமைக்காமல் பார்த்தான். சோபாவில் தையல் கோணலாக இருந்தால் அப்படித்தான் பார்ப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடைவேளை வந்துவிட்டது.

“எழுது,” என்றான் அண்ணன். “கை சுத்தம். வேகம் சரி.”

எழுதினேன்.

“முகம் செத்துக் கிடக்கு.”

“அண்ணே! இப்பவா இதைச் சொல்றது? பிள்ளை பயந்துடும்.”

“ஒத்திகையில இடிச்சது அதுதான். கை பேசுது, மூஞ்சி பேசலை. புருவம் ஏறினாத்தான் அது கேள்வி. கன்னம் உப்பினாத்தான் அது பெருசு. இவ பயத்துல மூஞ்சியைக் கல்லாக்கி வச்சிருக்கா. நண்டு கோவமா வருதா, தூங்கி வழியுதான்னு எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாண்டுல நீ மைக்குல பேசுவியாமே, ஏத்தமும் இல்லாம இறக்கமும் இல்லாம... அந்த மாதிரி நிக்கிறா.”

“என்னை ஏன் இழுக்கிறே?”

“இன்னும் இழுக்கப் போறேன். எழுது. ‘அத்தை மூஞ்சியை வை.’”

“என்னது?”

“உன் கைச்சைகை ரொம்பச் சுமார். பாதி தப்பு. ஆனா சின்ன வயசுலேருந்து நீ சொல்றது ஒண்ணு விடாம எனக்குப் புரியும். ஏன்னு நினைக்கிறே? நீ கோவப்பட்டா காது, மூக்கு எல்லாம் கோவப்படும். உன் மூஞ்சி மாதிரிப் பேசுற மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை. எழுது சீக்கிரம், இடைவேளை முடியப் போகுது.”

அவன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் ஒன்றும் வரவில்லை. பயந்துவிட்டாளோ, அழுகிறாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாவது பாகம் ஆரம்பித்தது. பெட்டிக்குள் வந்து நின்றாள். முதல் ஒன்றிரண்டு வாக்கியம் பழைய கல் முகம்தான். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அப்போது கேமரா வெளிச்சம் ஒரு பாறை இடுக்கில் பட்டது. உள்ளேயிருந்து ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது. தன் வீட்டு வாசலில் யாரோ விளக்கடித்துவிட்டார்கள் என்று அதற்கு ஆத்திரம். கன்னக்குழி ஒரு கணம் நின்றாள். பிறகு அவள் புருவம் இரண்டும் மேலே போய் முட்டிக்கொண்டு கீழே வந்தன. மூக்கு விடைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தாடை முன்னால் வந்தது. கை, ‘யாருடா அது?’ என்றது. முகம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

அண்ணன் திரையைக் காட்டினான். என்னைக் காட்டினான். மறுபடியும் திரையைக் காட்டினான். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காது கேட்காதவர்கள் சிரிப்பை அடக்க மாட்டார்கள். வீடே அதிர்ந்தது.

நான் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் கண்ணாடியில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. இருபது விரல்களுக்கு நடுவில், அந்த வீட்டுக்குள் ஒரு வாயை மட்டும் வைத்துக்கொண்டு நான் வெளியாள் மாதிரித்தான் வந்துபோகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வீட்டுப் பெண், எங்கேயோ இருக்கிற காது கேட்காத பிள்ளைகளுக்கெல்லாம் என் முகத்தை வைத்துக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தாள். புருவத்தின் மடிப்பு வரை தெரிந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, புரிஞ்சுதா?”

அண்ணன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அதுதான் அவர்கள் கைதட்டல்.

“அத்தை, கோச்சுக்காதீங்க,” என்றாள். “உங்களைக் கேக்காமலேயே உங்க மூஞ்சியை எடுத்துக்கிட்டேன்.”

இந்தத் தடவை வாயால் பேசவில்லை. கையாலேயே, என் தப்பும் தவறுமான சைகையில் சொன்னேன்: “நீயே வச்சுக்கோ.”

அவளுக்குப் புரிந்தது. கன்னத்தில் குழி விழுந்தது, அது கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிந்தது. அண்ணன் கத்திரிக்கோலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீலச் சட்டையின் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டச் சாக்குக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தான். அண்ணி பாத்திரம் கழுவப் போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்ப கேக்குதா?” என்றாள்.

“கேக்குது அண்ணி,” என்றேன். “நல்லா கேக்குது.”